வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

வண்டலூர்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முக்கால்வாசிப் பேருக்கு உயிரியல் பூங்கா. இப்ப ஒரு ரெண்டு வருஷமா கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு. ஆனா செங்கல்பட்டுப் பக்கம் அறுபது, எழுபது வயசு தாண்டின பெரியவங்க யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. "ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்"னு சொல்வாங்க. பூங்கா அங்க வந்தது 1985-ல. கார் அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு.

பழைய கார்னு பேச்சு எடுத்தாலே நம்ம ஆளுங்க அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் போயிடுவாங்க. ஒண்ணு கல்கத்தா, இன்னொண்ணு பம்பாய். அந்தக் காலத்துல இந்தியாவுல இருந்த மூணு காரில் மூணாவது நம்ம ஊர்க்காரன். பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவுல, ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்துல பிறந்தவன். அவனைப் பத்திப் பேச ஆளில்லைங்கறதுதான் எனக்கு உள்ளூர ஒரு கடுப்பு.

கம்பெனி பேரு ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-ல ஆரம்பிச்சது. இங்கிலாந்துல கவன்ட்ரியில இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் (அது 1903-ல தொடங்கினது) மெட்ராஸ்ல கார் வியாபாரம் பண்ணிட்டிருந்த யூனியன் கம்பெனியும் சேர்ந்து போட்ட கூட்டு. முதல்ல வான்கார்டுங்கற பெரிய கார். பாகங்கள் கப்பல்ல பெட்டியில வரும், இங்க பூட்டி முடுக்கி வெளிய விடுவாங்க. அப்புறம் ஸ்டாண்டர்டு எய்ட், டென், பென்னன்ட்.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். 1953-ல டாரிஃப் கமிஷன் சொன்ன சிபாரிசுப்படி, உள்நாட்டுலயே படிப்படியா உற்பத்தி பண்ணத் திட்டம் வெச்சிருக்கிறவன் மட்டும்தான் இந்தியாவுல கார் தொழில்ல இருக்கலாம்னு அரசாங்கம் முடிவு பண்ணிச்சு. சும்மா பெட்டியைப் பிரிச்சுப் பூட்டறவனுக்கு வேலை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவு பெரிய ஆளுங்களே கிளம்பினப்ப வண்டலூர்க்காரங்க நின்னாங்க. அந்த ஃபோர்டு நாலு பத்தாண்டு கழிச்சுத் திரும்பி வந்து, அதே ஜி.எஸ்.டி. ரோட்டுல இன்னும் கொஞ்சம் தெற்கே மறைமலை நகர்ல ஃபேக்டரி போட்டு, 2022-ல மறுபடி கதவைச் சாத்தினது தனிக் கதை.

சரி, ஹெரால்டுக்கு வருவோம்.

1950-கள்ல இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு ஒரு சங்கடம். அவங்களுக்குக் கார் பாடி செஞ்சு குடுத்துட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோங்கற கம்பெனியை 1953-ல போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு. புதுக் காருக்கு முழு பாடி செஞ்சு தர ஆளில்லை. அதனால என்ன பண்ணாங்கன்னா, பாடியைத் துண்டு துண்டாப் பிரிச்சாங்க. ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பட்டறையில செஞ்சு, எல்லாத்தையும் ஒரு தனி சேசிஸ் மேல போல்ட் போட்டு முடுக்கற மாதிரி வடிவமைச்சாங்க. உலகமே சேசிஸ் இல்லாத ஒரே கூடு பாடிக்கு மாறிட்டிருந்த நேரத்துல, வேற வழியில்லாம பழைய முறைக்குப் போனாங்க. அதுக்கு அழகா சட்டை தைச்சவர் இத்தாலியில டூரின்ல இருந்த மிக்கேலோட்டி. 1959-ல ட்ரையம்ஃப் ஹெரால்டுன்னு வெளிய வந்தது. (ஹெரால்டுங்கறது அந்தக் கம்பெனி நிர்வாக இயக்குநரோட படகின் பேருன்னு சொல்வாங்க.)

அங்க கட்டாயத்துக்குச் செஞ்ச அந்த வேலை, பெரிய பெரிய அச்சு மெஷின் வாங்க வசதி இல்லாத ஊர்களுக்கு வரப்பிரசாதமாப் போச்சு. முழு பாடியை ஒரே அடியில அழுத்தி எடுக்க வேண்டாம். சின்னச் சின்னத் துண்டாச் செஞ்சு முடுக்கிக்கலாம். வண்டலூர்ல 1961-ல ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. 948 சி.சி. எஞ்சின். இங்கிலாந்துல அப்புறம் 1147, 1296-ன்னு எஞ்சினைப் பெருக்கிக்கிட்டே போனாங்க, நம்ம ஊர் ஹெரால்டு கடைசி வரைக்கும் 948-தான்.

அதே பத்து வருஷத்துலதான் மெட்ராஸைச் சுத்தி உதிரிபாகத் தொழில் கிடுகிடுன்னு வளர்ந்தது. செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லயே வந்தாச்சு. பாடியில வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா எல்லாம் 1960-லிருந்து 62-க்குள்ள. திருவொற்றியூர்ல எம்.ஆர்.எஃப். டயர். 1960-களோட நடுவுல மார்க் டூ வர்றப்ப, கிட்டத்தட்ட முழுக் காருமே உள்நாட்டுச் சரக்கு. 1968-ல மார்க் த்ரீ. அதுல நாலு கதவு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும்: இங்கிலாந்துல ஹெரால்டுக்கு எப்பவுமே ரெண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டுங்கறது உலகத்துலயே நம்ம வண்டலூர்ல மட்டும் செஞ்சது. பின் சீட்டுல புடவையோட ஏறி இறங்கற நம்ம அம்மா, பாட்டிகளோட கஷ்டத்தை யாரோ புரிஞ்சுக்கிட்டாங்க போல :-)

எங்க பெரியப்பாகிட்ட இருந்தது ரெண்டு கதவு மார்க் டூ. அவர் திருக்கழுக்குன்றத்துல எல்.எம்.பி. டாக்டர். ஒரு பக்கம் செங்கல்பட்டு, இன்னொரு பக்கம் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம்னு சுத்துவட்டாரம் பூரா அந்தக் கார்லதான் போய் வைத்தியம் பார்த்தார். அப்ப ஈ.சி.ஆர். எல்லாம் கிடையாது. சவுக்குத் தோப்புக்கு நடுவுல மணல் மூடின ஒத்தை ரோடு. அந்த ரோட்டுல எதிர்ல மாட்டு வண்டி வந்தா யாராவது ஒருத்தர் திரும்பணும். ஹெரால்டுக்கு அது பிரச்சினையே இல்லை. அது 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பிடும். முன்சக்கரம் அப்படி ஒடியும். லண்டன் டாக்ஸியோட ஒப்பிட்டுப் பேசற அளவுக்கு அந்தக் காலத்துல இது பெரிய பெருமை. ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் வேற.

குறை இல்லாமலா? இருந்தது. பின் சக்கரங்கள். ஸ்விங் ஆக்சில்னு பேரு. டிஃபரன்ஷியல்லேருந்து ரெண்டு பக்கமும் ஆக்சில் தனித்தனியா மேலயும் கீழயும் ஆடும், குறுக்கால ஒரு லீஃப் ஸ்பிரிங். காலி வண்டியை வேகமா வளைச்சா பின்பக்கம் தூக்கிட்டு, சக்கரம் ரெண்டும் உள்பக்கம் மடங்கும். பின் சீட்டுல நாலு பேர் ஏறினா வேற மாதிரி, காலை அகட்டி உட்காரும். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு இது பிடிக்கவே இல்லை. 1972-ல ஹெரால்டையே மாத்தி கெசல்னு விட்டப்ப, கம்பெனியே ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிட்டு சாதாரண முழு ஆக்சில் போட்டுச்சு.

ஆனா கெசல் வந்த நேரம் சரியில்லை. 1969-லயே மத்திய அரசு கார் விலைக்குக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. மூணு கம்பெனிக்காரங்களும் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1971 கடைசியில தீர்ப்பு வந்தது. இரும்பு, கூலி எல்லாம் ஏற, விலையை மட்டும் சர்க்கார் பிடிச்சு வெச்சா எவன் புது அச்சுக்கும் புது எஞ்சினுக்கும் காசு போடுவான்? அது முடியறதுக்குள்ள 1973-ல எண்ணெய் நெருக்கடி, பெட்ரோல் விலை எகிறி, கார் வாங்கறவனே குறைஞ்சுட்டான். 1977-ல கெசல் நின்னு போச்சு. அதோட கம்பெனி கார் செய்யறதையே நிறுத்திட்டு வேன் மட்டும் செஞ்சுட்டிருந்தது. என் பார்வையில வண்டலூர் ஹெரால்டைக் கொன்னது ஸ்விங் ஆக்சில் இல்லை, இந்தக் காலகட்டம்தான். அம்பாசிடருக்கு சர்க்கார் ஆபீஸ், ஃபியட்டுக்கு பம்பாய் டாக்ஸின்னு கை குடுக்க ஆள் இருந்தாங்க. ஹெரால்டை வாங்கினவங்க பெரியப்பா மாதிரி டாக்டரும் வக்கீலும் வாத்தியாரும்.

1985-ல கடைசியா ஒரு பெரிய பந்தயம் கட்டினாங்க. ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்து ரோவர் எஸ்.டி.1 காரோட பாடி. அங்க அதுல 3500 சி.சி. வி8 எஞ்சின் வரைக்கும் ஓடிச்சு. இங்க அந்த அழகான பாடிக்குள்ள வான்கார்டு காலத்து வம்சத்துல வந்த 2 லிட்டர் எஞ்சினைத் தூக்கி வெச்சாங்க. மாருதி வந்து ஊரையே புரட்டிப் போட்டுட்டிருந்த நேரம் அது. விலை ஜாஸ்தி, வேகம் கம்மி. 1988-ல எல்லாம் முடிஞ்சது. கேட்டு சாத்தினதுக்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மிச்சமிருந்த எஸ்.டி.1 உதிரிபாகங்களை மொத்தமா வாங்கிட்டுப் போனது இங்கிலாந்துல பழைய ரோவர்களுக்கு பாகம் விக்கற ரிம்மர் பிரதர்ஸ். அங்கேருந்து கப்பல்ல வந்த கார், பாகமாத் திரும்பிப் போச்சு. ஹெரால்டு பாகம் தேடி நாம இப்ப இன்டர்நெட்டுல போய் நிக்கறதும் அதே மாதிரி இங்கிலாந்துக் கடைகள் வாசல்லதான்.

2006-ல கம்பெனியைக் கலைச்சு ஃபேக்டரி இடத்தையும் ஏலம் விட்டாங்க. இப்ப அங்க ஸ்ரீராம் கேட்வேன்னு ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிக்குது.

பெரியப்பா வண்டியை நிறுத்தினது 1989-ல. கிளட்ச் போச்சு, பாகம் கிடைக்கலை, அவருக்கும் கண் பார்வை மங்கிடுச்சு. வீட்டுப் பின்னாடி மாட்டு வண்டி நிக்கற கொட்டகையில தள்ளி வெச்சு, மேல தார்ப்பாயைப் போட்டு மூடினார். தார்ப்பாய் போட்டா பத்திரம்னு எல்லாரும் நினைப்போம். கடலோரத்துல அது நேர்மாறு. காத்துல வர்ற உப்பு தகரத்துல படியும். உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். மேல தார்ப்பாய் இருந்தா அந்த ஈரம் காயவும் காயாது. காரைக்குடி சிக்ரி நிறுவனம் இந்தியா பூராவும் இரும்புத் தகட்டை வெயில்ல மழையில வெச்சுப் பார்த்து, எந்த ஊர்ல எவ்வளவு அரிக்குதுன்னு வரைபடமே போட்டிருக்கு. இரும்பை விடுங்க, மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கருங்கல்லே உப்புக்குத் தப்பலை. தொல்லியல் துறைக்காரங்க ஈரக் காகிதக் கூழைச் சுவர்ல அப்பி, உலர விட்டு, உப்பை உறிஞ்சி எடுக்கறாங்க. கடல் காத்தைத் தடுக்க சவுக்கு வெச்சிருக்காங்க. 1300 வருஷக் கல்லுக்கே அந்த கதின்னா, 20 கேஜ் தகரம் எம்மாத்திரம்.

பெரியப்பா போய்ப் பல வருஷம் ஆச்சு. போன வருஷம் அண்ணன் (பெரியப்பா பையன்) வீட்டை இடிச்சுக் கட்டலாம்னு ஆரம்பிச்சப்பதான் கொட்டகைப் பிரச்சினை வந்தது. பழைய இரும்புக்காரர் வந்து கிலோ கணக்குல விலை சொல்லிட்டுப் போனார். பெரியம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "அதை எடைக்குப் போடறதா இருந்தா என்னையும் சேர்த்துப் போடுங்கடா." அப்புறம் யாரு பேசறது?

செங்கல்பட்டுலேருந்து ஒரு மெக்கானிக் பாயைக் கூட்டிட்டு வந்தோம். சின்ன வயசுல ஹெரால்டுல கை வெச்சவர். நான் பேட்டரியோட ரெடியா நின்னேன். "செல்ஃபைத் தொடாதீங்க சார்"னு முதல்ல அதைத்தான் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல நின்ன எஞ்சின்ல சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ரிங் ஒட்டிக்கிட்டிருக்கும். செல்ஃப் அடிச்சா ரிங் ஒடியும், சிலிண்டர்ல கீறல் விழும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, உள்ள எண்ணெய் ஊத்தி, ஒரு வாரம் ஊற விட்டார். அப்புறம் முன்னாடி கப்பியில ஸ்பேனர் போட்டு கையால கொஞ்சம் கொஞ்சமா ஆட்டினார். மூணாவது நாள் சுத்துச்சு. பெட்ரோல் டேங்குல இருந்தது பெட்ரோல் இல்லை, வார்னிஷ் மாதிரி ஒரு கோந்து. பிரேக் சிலிண்டர் நாலும் உறைஞ்சு கிடந்தது. வயர் பூரா எலி தின்னாச்சு. பழைய இங்கிலீஷ் கார்கள்ல பல வண்டி பாசிட்டிவ் எர்த், பேட்டரியைத் திருப்பி மாட்டினா போச்சு. அதையும் பார்த்துத்தான் வயரிங் போட்டார்.

ஹெரால்டோட பெரிய வசதி, முன்பக்கம். பானெட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டு, முன்பக்கம் கீல். அப்படியே முதலை வாய் மாதிரித் திறந்துடும். டயர் மேலயே உட்கார்ந்துக்கிட்டு வேலை பார்க்கலாம். பாய் அப்படித்தான் பார்த்தார், பக்கத்துல டீ கிளாஸை வெச்சுக்கிட்டு.

இன்னொரு விஷயம், ஹெரால்டு வெச்சிருக்கிறவங்க யாராவது படிச்சா இதை மட்டும் மனசுல வாங்கிக்குங்க. முன்சக்கரத்துக்குக் கீழ ட்ரன்னியன்னு ஒரு வெண்கலப் பாகம் இருக்கு. அதுல திருகு மாதிரி மரை. சக்கரம் ஒவ்வொரு தடவை திரும்பறப்பவும் அந்த மரையில சுத்தும். அதுக்குப் போட வேண்டியது கியர் ஆயில், கிரீஸ் இல்லை. கிரீஸ் உள்ள மரை வரைக்கும் போகாது, தண்ணி தேங்கி அரிச்சு ஒரு நாள் ஒடிஞ்சா சக்கரம் அப்படியே சாய்ஞ்சுடும். பாய் கழட்டிப் பார்த்து, ஒரு பக்கம் தேறும், இன்னொரு பக்கம் மாத்தியே ஆகணும்னுட்டார். அது இங்கிலாந்துலேருந்து வந்தது. கிளட்ச் பிளேட்டுக்குப் பழைய தகட்டுலயே புது லைனிங் அடிச்சாச்சு. சில புஷ் எல்லாம் லேத்துல கடைஞ்சு வாங்கினோம். மிச்சம் புதுப்பேட்டை.

எரிபொருள் வேற ஒரு தலைவலி. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துது. 2000 பிப்ரவரியில இந்தியா பூரா ஈயம் நின்னு போச்சு. ஈயம்தான் வால்வு உட்கார்ற இடம் தேயாமப் பாதுகாத்துட்டிருந்தது. ஹெட்டைக் கழட்டினப்ப கடினமான வால்வு சீட் போட்டுட்டோம். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது பழைய ரப்பரை ஊதிப் பெருக்க வெச்சுடும். ஹோஸ், பம்ப்பு டயஃப்ரம் எல்லாம் புதுசு.

எஞ்சின் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் உண்மையான சண்டை வீட்டுல ஆரம்பிச்சது. பதிவு விஷயம்.

2021 ஜூலையில மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. 50 வருஷம் தாண்டின, சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் எதுவும் செய்யாத கார்னா "வி.ஏ."ன்னு தனி வரிசை நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அண்ணனுக்கு அதுதான் ஆசை. கௌரவமா இருக்கும், ராலிக்குப் போகலாம், வண்டிக்கு மதிப்பும் கூடும். ஆனா அந்த விதியிலயே இன்னொண்ணு இருக்கு. வி.ஏ. வண்டியை கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இதுக்கு மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது.

இன்னொரு வழி சாதாரண புதுப்பிப்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் கார் பதிவு 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. முதல்ல பெரியப்பா பேர்ல இருக்கற ஆர்.சி. புக்கை படிவம் 31 போட்டு வாரிசு பேருக்கு மாத்தணும். அப்புறம் படிவம் 25. 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு, 2025-ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. தாமதத்துக்கு அபராதம் தனி. இன்ஸ்பெக்டர் முன்னாடி வண்டியை ஓட்டிக் காட்டணும்.

அண்ணன் இதை எல்லாம் பெரியம்மாகிட்ட விளக்கமாச் சொன்னான். அவங்க பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப வி.ஏ. நம்பர் போட்டா என்னை மாமல்லபுரம் கூட்டிட்டுப் போக முடியாதா?"ன்னாங்க. ராலி இருந்தாப் போகலாம்மான்னான். "எனக்கு 84 வயசாகுது, ராலிக்கு எங்கடா போறது?"

படிவம் 31 கொடுத்தாச்சு.

பாடி விஷயத்துல இப்ப நானும் அண்ணனும் ஒரு கட்சி. கதவுக்குக் கீழ ஓடற பட்டையும், சேசிஸோட பக்கவாட்டுக் கைகளும் உப்புல போயே போச்சு. ஃபைபர்ல செஞ்சு போட்டா சல்லிசு, துருவும் பிடிக்காதுன்னு ஒரு பட்டறையில சொன்னாங்க. வேண்டாம்னுட்டோம். போல்ட்டுல பூட்டின வண்டிங்கறதால, கெட்ட துண்டை மட்டும் கழட்டி, அதே அளவுக்குத் தகரத்துல செஞ்சு மறுபடி பூட்டிடலாம். 1950-கள்ல எவனோ பாடி செஞ்சு தர மாட்டேன்னதால நமக்குக் கிடைச்ச வசதி இது. டிங்கர் மேஸ்திரி ஜி.ஐ. தகட்டுல வெட்டி, பழைய துண்டை அச்சா வெச்சுத் தட்டிட்டிருக்கார். பட்டி ரொம்பப் பூசக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம். வலது பக்கம் முடிஞ்சுது. இடது பக்கக் கதவு இன்னும் செங்கல்பட்டுப் பட்டறையில சாய்ச்சு வெச்சிருக்கு, சிவப்பு ஆக்சைடு அடிச்சு. டூகோ என்ன கலர்னு பெரியம்மாகிட்டதான் கேட்கணும். அவங்க சாம்பல்ங்கறாங்க, அண்ணன் இளம்பச்சைன்னு அடிச்சுச் சொல்றான். டேஷ்போர்டுக்குப் பின்னாடி வெயில் படாத இடத்துல சுரண்டிப் பார்த்ததுல பெரியம்மா சொன்னதுதான் சரி.